ஆப்ஜெக்ட் மொழிகளுக்கு ப்ராசசர் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடிக்கு வரும் கடைசி வருட இன்ஜினியரிங் பிள்ளைகளில் ஒருவராவது "அண்ணே, ஜாவாவுக்குன்னே ஒரு ப்ராசசர் பண்றேன்" என்பார். நல்ல ஆசைதான். ஆனால் முதல் வேலையாக, ஆப்ஜெக்ட் (தரவும் அதன்மேல் செய்யும் வேலைகளும் சேர்ந்த பொட்டலம்) உருவாக்க ஒரு கட்டளை, மெத்தட் (அந்த வேலைகளில் ஒன்று) அழைக்க ஒரு கட்டளை என்று மொழியையே சிப்புக்குள் இறக்கப் பார்க்கிறார்கள்.

1981-ல் இன்டெல் கொண்டுவந்த ஐஏபிஎக்ஸ் 432 ப்ராசசர் இதைத்தான் செய்தது. ஆப்ஜெக்ட், அதன் பாதுகாப்பு எல்லாம் ஹார்டுவேரிலேயே. கட்டளைகளின் நீளம் 6 பிட்டிலிருந்து 321 பிட் வரை போகும், பைட் எல்லையில்கூட நிற்காது. பொது ரிஜிஸ்டர் (கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் இடம்) கிடையாது, டேட்டா கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்தில் வைக்கும் வேகமான சிறு மெமரி) கிடையாது, போதாததற்கு அடா மொழி ப்ரோக்ராமை அதன் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தேவையில்லாத இடத்திலும் கனமான அழைப்பையே போட்டது. அடுத்த வருடம் வந்த இன்டெலின் இன்னொரு ப்ராசசரான 80286 அதைச் சுலபமாக முந்திவிட்டது.

நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். வடிவம்.பரப்பு() என்று ஒரு வர்ச்சுவல் அழைப்பு (எந்த மெத்தட் என்பது ஓடும்போதுதான் முடிவாகும் அழைப்பு) இருக்கிறது என்றால், ஆப்ஜெக்டின் தலையிலிருந்து மெத்தட் அட்டவணையின் முகவரியை எடுக்க வேண்டும், அது வந்தால்தான் அட்டவணையிலிருந்து மெத்தடின் முகவரி, அதுவும் வந்தால்தான் எங்கே தாவுவது என்றே தெரியும். இதில் ஒன்று கேஷில் இல்லாமல் மெயின் மெமரிக்குப் போனால் நூற்றுக்கணக்கான கிளாக் சைக்கிள் காலி. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் உங்கள் பைக்கின் வேகத்தால் என்ன பயன்? அழைப்புக்குப் புதுக் கட்டளை வைத்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. கேஷும், இப்படி முகவரியைப் படித்த பிறகே போகும் இன்டைரக்ட் தாவலை முன்கூட்டி ஊகிக்கும் பிரெடிக்டரும்தான் குறைக்கும்.

சாஃப்ட்வேரால் முடிவதை மறப்பது அடுத்த தவறு. ஒரே இடத்திலிருந்து போகும் அழைப்பு பெரும்பாலும் ஒரே வகை ஆப்ஜெக்டுக்குத்தான் போகும், அதனால் போன தடவை கண்டுபிடித்த மெத்தடை அழைக்கும் இடத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். 1980-களிலேயே ஸ்மால்டாக் என்ற ஆப்ஜெக்ட் மொழியில் இன்லைன் கேஷ் என்று இதைச் செய்துவிட்டார்கள். ஜாவா பைட்கோடை (ஜாவா ப்ரோக்ராமின் இடைநிலை வடிவம்) நேரடியாக ஓட்டிய, ஆர்ம் ப்ராசசர்களின் ஜஸெல் வசதியும், ஓடும்போதே ப்ராசசரின் கட்டளைகளாக மாற்றும் ஜேஐடி கம்பைலர்கள் வந்ததும் தேவையற்றுப் போனது, 64 பிட் ஆர்மில் அது இல்லவே இல்லை.

அதற்காக ஹார்டுவேரில் எதுவுமே வேண்டாம் என்பதில்லை. பெர்க்லி பல்கலைக்கழகம் ஸ்மால்டாக்குக்காகச் செய்த சோர் சிப், கூட்டும்போதே இரண்டும் முழு எண்தானா என்று டேகை (வகையைச் சொல்லும் பிட்) வைத்துப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் ட்ராப் ஆகும், அதாவது வேலையை நிறுத்தி சாஃப்ட்வேரிடம் ஒப்படைக்கும். அசூல் நிறுவனத்தின் வேகா ப்ராசசர்களில், குப்பை சேகரிப்புக்கான (இனி தேவைப்படாத ஆப்ஜெக்டுகளின் மெமரியை மீட்பது) ரீட் பேரியருக்கு, அதாவது ஆப்ஜெக்டின் முகவரியைப் படிக்கும்போது செய்யும் சோதனைக்கு, கட்டளையே இருந்தது. சின்ன உதவி, ஆனால் அடிக்கடி நடக்கும் வேலைக்கு. இந்த மாதிரி இடத்தைத்தான் தேட வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து ஃபிபனாச்சி ஓட்டி வேகம் காட்டாதீர்கள். அதில் ஆப்ஜெக்டே உருவாகாது, குப்பை சேகரிப்பும் ஓடாது. கேஷில் அடங்காத ஹீப்பும் (ஆப்ஜெக்டுகள் இருக்கும் மெமரிப் பகுதி), பல வகை ஆப்ஜெக்டுகள் கலந்த பட்டியலும் உள்ள ஒரு ப்ரோக்ராமை எடுத்து, கேஷ் மிஸ் எத்தனை, தவறிய ஊகம் எத்தனை, குப்பை சேகரிப்புக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக எண்ணிக்கொண்டு வாருங்கள்.