பழைய பிக்கப் வண்டியில் பெட்ரோல் குழாயை மாற்றிப் பதிக்கும் முறை

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய பழைய பிக்கப் வண்டி மேட்டில் ஏறும்போது திணறினாலோ, இரவு முழுவதும் நின்றுவிட்டுக் காலையில் கிளம்ப மறுத்தாலோ, பெரும்பாலோர் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அதற்கு முன் டேங்க்கிலிருந்து பம்ப் வரை செல்லும் குழாயை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் அந்தப் பகுதியில் பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதால், அங்கே ஊசித்துளை விழுந்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போய்விடும். தரையில் ஈரம் இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. கிளாம்ப் பிடித்திருக்கும் இடங்களில் சேறும் ஈரமும் தங்குவதால் துரு அங்கேதான் அதிகம் பிடிக்கும்; கிளாம்பை விலக்கி விரலால் தடவும்போது இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் ஒட்டுப்போடாமல் முழு நீளத்தையும் மாற்றுவதே சரி.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது தாழ்ந்த இடத்தில் தேங்கும். எனவே இந்த வேலையைப் பள்ளத்தில் இறங்கிச் செய்யக் கூடாது, சூடேறும் பல்பு விளக்கையும் அருகில் வைக்கக் கூடாது. பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் சி10 போன்ற வண்டிகளில் டேங்க் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால், கீழே குழாயைக் கழற்றியவுடன் பெட்ரோல் தானாகவே கொட்டிக்கொண்டே இருக்கும். அத்தகைய வண்டிகளில் டேங்க்கை முன்கூட்டியே காலி செய்துவிடுங்கள்.

குழாய்க்கு எஃகு அல்லது நிக்கல் கலந்த செம்பைத் தேர்ந்தெடுக்கலாம். நிக்கல் கலந்த செம்பு துருப்பிடிக்காது, கையாலேயே ஓரளவு வளையும். வெறும் செம்புக் குழாய் மலிவாகவும் மென்மையாகவும் இருந்தாலும், ஓயாத அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். புதிய குழாயின் விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். இவ்வகை வண்டிகளில் 5/16 அங்குலமும் 3/8 அங்குலமும் பரவலாகக் காணப்படும்.

குழாய் போகும் வழியைத் தீர்மானிப்பதில்தான் இந்த வேலையின் தரம் அடங்கியிருக்கிறது. பழைய குழாயைக் கூடுமானவரை உடைக்காமல் இறக்கி அதையே அச்சாகப் பயன்படுத்துவது நல்லது என்றாலும், முன்பு யாராவது சைலன்சர் குழாயை மாற்றியிருந்தால் பழைய வழி இப்போது வெப்பத்துக்கு மிக அருகில் போகக்கூடும். சூடேறிய பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப்பால் அதை இழுக்க முடியாது. வெயில் காலத்தில் நெரிசலில் நின்ற வண்டி அணைந்துபோய் மீண்டும் கிளம்பாததற்கு இது முக்கியக் காரணம். ஆகவே சைலன்சர் ஒரு பக்கம் போனால் பெட்ரோல் குழாயை எதிர்ப்பக்கச் சேஸிஸின் உட்புறத்தில் கொண்டுசெல்லுங்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் இடையே வெப்பத் தகடு வையுங்கள். பின் அச்சு முழுவதுமாக மேலெழும்போதும் ஸ்பிரிங் பட்டையோ, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட்டோ குழாயைத் தொடாதபடியும், ஜாக்கி வைக்கும் இடத்தில் அது குறுக்கிடாதபடியும் பார்க்க வேண்டும். சேஸிஸ் துளை வழியாக நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம். ரப்பர் உறை போட்ட கிளாம்புகளைச் சுமார் ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் பொருத்தினால் குழாய் நடுங்காது.

குழாயை ரம்பத்தால் அறுக்காமல் கட்டரால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். நட்டைக் கோத்த பிறகே முனையை விரிக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 45 பாகை இரட்டை விரிவு, அதாவது விளிம்பை உள்ளே மடித்து இரண்டு அடுக்காக்கிய விரிவு தேவைப்படும்.

எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டே இருப்பதால், சேஸிஸுக்கும் பம்ப்புக்கும் இடையே வளையும் ரப்பர் குழாயான ஹோஸ் ஒரு துண்டு இருந்தே ஆக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை அரித்துவிடும்; எனவே அதைத் தாங்கும் தரத்தைக் குறிக்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்14 என்று அச்சிட்ட ஹோஸை வாங்குவது நல்லது. குழாய் முனையில் சிறு புடைப்பு இருக்க வேண்டும், ஹோஸ் குழாயின் மேல் ஓர் அங்குலமாவது ஏற வேண்டும், கிளாம்ப் அந்தப் புடைப்பைத் தாண்டி உட்புறமாக அமர வேண்டும். வெட்டுப்பற்கள் கொண்ட கிளாம்ப் ரப்பரைக் கீறும் என்பதால் வழவழப்பான உள்பட்டை கொண்டதையே வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் சில லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பம்ப்புக்குப் பிந்தைய கசிவு துணியில் தெரியும். உறிஞ்சும் பகுதியில் காற்று புகுவதை அறிய, பம்ப்புக்கு முன் ஒளி ஊடுருவும் பில்டரைத் தற்காலிகமாக மாட்டி, அதில் குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று கவனியுங்கள். புதிய ஹோஸ் சூட்டில் சற்றுத் தளர்ந்து அமரும் என்பதால், சில நாள் ஓட்டிய பின், எஞ்சின் ஆறிய நிலையில் கிளாம்புகளை மறுபடியும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.