ஜான் மியூர் பாதை: குடும்பத்தைச் சாலையில் வைத்துக்கொண்டு மலையில் நடப்பது எப்படி?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரத்தில் முடிகிறது ஜான் மியூர் பாதை. நீளம் 211 மைல். சிகரத்தில் பாதை முடிந்தாலும் நடை முடியாது. கார் நிற்கும் விட்னி போர்ட்டலுக்கு இன்னும் கிட்டத்தட்ட 11 மைல் இறங்க வேண்டும்.

நானும் மகளும் நடந்தோம். வீட்டுக்காரரும் என் அப்பாவும் காரில் சாப்பாட்டோடு வந்து இடையிடையே சந்தித்தார்கள். டென்ட், ஷூ, தூக்கப்பை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். கார் பக்கத்தை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இந்தப் பதிவு. பலரும் நடையைத் துல்லியமாகக் கணக்குப் போட்டுவிட்டு, "வழியில வந்து பாருங்க" என்று ஒரு வரியில் குடும்பத்திடம் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு மண்டை காய்ந்தது அந்த ஒரு வரியில்தான்.

படி 1: பர்மிட்

யோசெமிட்டியிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் அந்தப் பூங்காவின் வனப்பகுதி பர்மிட் ஒன்றே கடைசிவரை செல்லும். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாதை பூங்காவை விட்டு வெளியேறும் டோனஹியூ கணவாயைத் தாண்டிப் போகத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அது இல்லாத பர்மிட் நமக்கு உதவாது.

பர்மிட் தேதி கைக்கு வரும்வரை குடும்பத்தில் யாரும் விடுப்பு சொல்ல வேண்டாம், அறையும் எடுக்க வேண்டாம். பனி அதிகம் பெய்த ஆண்டாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். முதல் சந்திப்பிடமான டுவாலமி மெடோஸுக்குப் போகும் டயோகா சாலை 2023-இல் ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தது. அந்தச் சாலை திறக்காவிட்டால் முதல் சந்திப்பே கிடையாது.

படி 2: கார் எந்தப் பக்கம்?

டயோகா கணவாய்க்குத் தெற்கே விட்னி வரைக்கும் இந்த மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றுகூட இல்லை. கார் மேற்கே இருந்தால் மேற்கேதான், கிழக்கே இருந்தால் கிழக்கேதான். பக்கம் மாற வேண்டுமென்றால் மலையையே சுற்றிக்கொண்டு வர ஒரு முழு நாள் போய்விடும்.

என் தீர்ப்பு: குடும்பத்தைக் கிழக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 395-ஆம் நெடுஞ்சாலை மலைக்கு இணையாகப் போகிறது. லீ வைனிங், மாம்மத் லேக்ஸ், பிஷப், இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் என்று வரிசையாக ஊர்கள். பெட்ரோல், அறை, மளிகை எல்லாம் கிடைக்கும். வெர்மிலியன் வேலி விடுதியில் சந்திக்கலாமே என்று ஆசையாக இருக்கும். அது மேற்குப் பக்கம். அங்கே போகும் கைசர் கணவாய்ச் சாலையில் பெரும்பகுதி ஒரே ஒரு கார் போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அப்பாவை அந்தச் சாலைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

படி 3: நடையைத் துண்டு போடுங்கள்

தோராயமாக இப்படி வரும்:

யோசெமிட்டி – டுவாலமி மெடோஸ்: 24 மைல். கார் வரும்.
டுவாலமி – ரெட்ஸ் மெடோ: 36 மைல். கோடை மும்முரத்தில் பகல் நேரத்தில் பொதுவாகச் சொந்தக் காரை விடமாட்டார்கள். மாம்மத் மலையிலிருந்து ஷட்டில் பஸ்ஸில் வர வேண்டும்.
ரெட்ஸ் மெடோ – மியூர் டிரெயில் ரேஞ்ச் (பாதையை ஒட்டிய தங்குவிடுதி): 50 மைல். கார் வராது.
ரேஞ்ச் – கியர்சார்ஜ் கணவாய்க்குப் பிரியும் இடம்: 70 மைல். அங்கிருந்து பக்கப் பாதையில் ஆனியன் வேலிக்கு இறங்கினால் கார்.
அந்தப் பிரிவு – விட்னி சிகரம்: 30 மைல், அப்புறம் போர்ட்டலுக்கு இறக்கம்.

சிக்கல் அந்த 70 மைலில் இருக்கிறது. மியூர், மாதர், பின்சோ, கிளென் என்று நான்கு கணவாய்கள் வரிசையாக வரும். நான்குமே 12,000 அடியை ஒட்டியோ தாண்டியோ இருப்பவை. முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு மைலே நல்ல வேகம். அப்படியானால் ஆனியன் வேலி இறக்கத்தையும் சேர்த்து ஏழு, எட்டு நாள் சாப்பாட்டை ரேஞ்சிலிருந்தே சுமந்து கிளம்ப வேண்டும். ரேஞ்சுக்குக் குடும்பம் வர முடியாது என்பதால் அங்கே தபால்தான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு, குறைந்தது மூன்று வாரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து இதை அனுப்ப ஒருவரை இப்போதே பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். "யாராவது அனுப்பிடுவாங்க" என்றால் பக்கெட் கூடத்திலேயே கிடக்கும்.

கேஸ் கேனிஸ்டரைப் பக்கெட்டில் போடாதீர்கள். காரில் வருபவர்களே கொண்டுவரட்டும். ஆனால் 395-ஆம் நெடுஞ்சாலை போகும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் கோடை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். பூட்டிய காரில் கேனிஸ்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சாக்லெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 4: கரடி டப்பா

சாப்பாடு, பற்பசை, சன்ஸ்கிரீன், வாசனை வரும் எதுவாக இருந்தாலும் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள்தான் இரவு இருக்க வேண்டும். யோசெமிட்டி வனப்பகுதி முழுவதும் இது சட்டம். தெற்கேயும் பல பகுதிகளில் கட்டாயம். எனவே முழுப் பாதைக்கும் சுமந்துவிடுங்கள்.

என் தேர்வு பேர்வால்ட் பிவி500. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், திருப்பிப் போட்டால் உட்காரும் ஸ்டூல். கார்சியா டப்பாவைத் திறக்க ஒரு காசு போதும், ஆனால் வாய் சின்னது. பேரிகேட் எடை குறைவு, விலைதான் கண்ணைக் கட்டும்.

பிவி500-இல் ஒரே தொல்லை மூடி. உள்ளே இருக்கும் புடைப்பை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும், விரலும் விறைத்திருக்கும். அழுத்தினால் திருக முடியாது, திருகினால் அழுத்த முடியாது. பழைய கிரெடிட் கார்டு ஒன்றை மூடிக்கும் புடைப்புக்கும் நடுவே செருகி அப்படியே திருப்பினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்தக் கார்டை டப்பாவுக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

குடும்பம் கொண்டுவரும் சாப்பாட்டை வீட்டிலேயே இந்த டப்பாவில் அடைத்துப் பாருங்கள். அடங்கிய பிறகு வெளியே எடுத்து, அந்த அளவைத் துணிப்பையில் கட்டித் தேதி எழுதிவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு எடை வரும். அன்பு மிகுதியில் கூடுதலாக அரை மூட்டை சேர்த்துக் கொண்டுவருவார்கள். அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்க்க முடிந்ததைத் தவிர மீதியைக் காரிலேயே திருப்பி அனுப்புங்கள்.

படி 5: சந்திப்புத் தாள்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் இல்லை. ஆனியன் வேலியிலும் நம்பக் கூடாது. அதனால் கிளம்பிய பிறகு "எங்க இருக்கீங்க?" என்று கேட்க வழியில்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

"ஆனியன் வேலி பார்க்கிங்கில் சனிக்கிழமை மதியம்" என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அப்பா கேட்டார்: "மதியம்னா எத்தனை மணிம்மா? பார்க்கிங்னா மரத்தடியா, கக்கூஸ் பக்கமா? நீங்க வரலைன்னா நான் எவ்வளவு நேரம் உக்காந்திருக்கணும்?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விகளையே வைத்துத் தாளைத் திருப்பி எழுதினோம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு தாள். அதில் இருக்க வேண்டியவை:

இடம். பார்க்கிங் என்றால் போதாது. "பாதை தொடங்கும் தகவல் பலகைக்கு அடியில்" என்பதுபோல ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய இடமாக எழுதுங்கள்.

நேர இடைவெளி. பன்னிரண்டு முதல் நாலு. முன்னால் வந்துவிட்டால் நாம் காத்திருப்போம், அவர்கள் பதற வேண்டாம்.

வராவிட்டால். நாலு மணிக்கு அவர்கள் கேம்ப்கிரவுண்டுக்குப் போய்த் தூங்குவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே பலகை. அன்று மாலைக்குள்ளும் நாம் வரவில்லை, தகவலும் இல்லை என்றால் கீழே இண்டிபெண்டன்ஸ் இறங்கி இன்யோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். அந்த எண்ணையும், பர்மிட் எண்ணையும், நம் டென்ட் நிறம், பை நிறத்தையும் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

அவர்கள் வராவிட்டால். இதை யாருமே எழுதுவதில்லை. கார் பழுதாகலாம், சாலை மூடலாம். நாம் எத்தனை மணிவரை காத்திருந்துவிட்டு யாரிடம் லிஃப்ட் கேட்டு ஊருக்கு இறங்குவோம், எந்த விடுதி வரவேற்பில் சேதி விடுவோம் என்று இரண்டு வரி.

செயற்கைக்கோள் கருவியாக இன்ரீச் எடுத்துப் போனோம். புதிய ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழிச் செய்தி போகிறது, ஆனாலும் படமெடுத்தே பேட்டரியைத் தீர்க்கிற போனை நம்ப எனக்கு விருப்பமில்லை. இன்ரீச்சில் முன்கூட்டியே மூன்று செய்திகளை எழுதி வைக்கலாம்: "நலம், திட்டப்படி"; "நலம், தாமதம்"; "நலம், முன்னதாக இறங்குகிறோம்". ஆழமான பள்ளத்தாக்கில் செய்தி போக நேரமெடுக்கும். செய்தி வரவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை, தாளில் உள்ள நேரம்தான் கணக்கு. இதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள்.

காரில் போகிறவர்கள் கையில் டாம் ஹாரிசன் காகித வரைபடம் ஒன்று இருக்கட்டும். நாங்கள் நடக்க ஃபார்அவுட் என்ற வரைபடச் செயலி போதுமாக இருந்தது.

படி 6: ஆனியன் வேலி

இண்டிபெண்டன்ஸ் ஊர் சுமார் 3,900 அடியில் இருக்கிறது. அங்கிருந்து 13 மைல் சாலையில் 9,200 அடியில் இருக்கும் ஆனியன் வேலிக்கு ஏறிவிடுகிறது கார். கியர்சார்ஜ் கணவாய் 11,700 அடிக்கும் மேலே. பிரியும் இடத்திலிருந்து கணவாய் ஏறி ஆனியன் வேலி இறங்க ஏழரை மைல் வரும், திரும்பவும் அதே தூரம் முழுச் சுமையோடு.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றும் யோசனை: குடும்பத்தில் திடமான ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கணவாய்க்கே வந்துவிடட்டுமே! பகல் நடைக்குப் பர்மிட் வேண்டாம்தான். ஆனால் நம் உடம்பு அந்நேரம் உயரத்துக்கு நன்றாகப் பழகியிருக்கும், அவர்களுடையது அப்படியில்லை. காலையில் 4,000 அடியில் காபி குடித்தவர் மதியம் கணவாயில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கோடையில் பிற்பகல் இடிமழையும் உண்டு, அங்கே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. எனவே இறங்க வேண்டியது நாம்தான். சுமையை மிச்சம் பிடித்தே ஆக வேண்டுமென்றால் கில்பர்ட் ஏரியை வைத்துக்கொள்ளுங்கள். காரிலிருந்து இரண்டு மைலுக்குச் சற்று அதிகம், மர நிழல் இருக்கிறது.

எங்கள் கட்சி வேறு: முழுக்க இறங்கி, ஒரு இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு ஏறுவது. அடுத்து வருவது 13,150 அடி ஃபாரஸ்டர் கணவாய்.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த ஒருவர், அவர்கள் வீட்டு அம்மாவுக்கு ஆனியன் வேலியிலேயே தலைவலியும் வாந்தியும் வந்ததாக எழுதியிருந்தார். 9,200 அடியும் உயரம்தான். முந்தைய இரவை மாம்மத் லேக்ஸில் தங்கிவிட்டு வந்தால் ஓரளவு பழகும். அறிகுறி வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், பலகையில் சீட்டு ஒட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடட்டும். இறங்கும்போது காரை லோ கியரில் விடச் சொல்லுங்கள், வழி நெடுக பிரேக்கை மிதித்தால் சூடேறிவிடும்.

*இன்னொன்று:* ஆனியன் வேலியில் காருக்குள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. அங்குள்ள இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். சூயிங்கம், குழந்தையின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் உட்பட.

படி 7: விட்னியும் போர்ட்டலும்

கடைசிச் சந்திப்புக்கு "நாங்களும் மேலே வருகிறோம்" என்பார்கள். விட்னி பகுதியில் மட்டும் பகல் நடைக்கும் பர்மிட் வேண்டும். பர்மிட் இல்லாமல் லோன் பைன் ஏரிவரை வரலாம், போர்ட்டலிலிருந்து மூன்று மைலுக்குள்தான்.

சிகரத்துக்குப் பிரியும் இடத்தில் பெரிய பையை வைத்துவிட்டு ஏறுவது வழக்கம். டப்பாவைப் பூட்டிவிட்டு, பையின் ஜிப்புகளைத் திறந்தே விடுங்கள். மூடியிருந்தால் மார்மட்டுகள் (பெரிய மலை அணில்கள்) துணியைக் கடித்துக் குதறித்தான் உள்ளே பார்க்கும். மலம் கழிக்கும் பையை அங்கிருந்து நாமேதான் சுமந்து இறக்க வேண்டும்.

போர்ட்டல் பார்க்கிங் கோடையில் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. காரைச் சாலையோரமாகக் கீழே நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் கடை வாசலுக்கு நடந்து வரட்டும். அந்த வாசலையே தாளில் எழுதிவிடுங்கள். நேர இடைவெளியை மட்டும் இந்தத் தடவை எட்டு மணி நேரமாகப் போடுங்கள், விட்னி இறக்கத்தில் வரும் 99 வளைவுகளில் முழங்கால் என்ன சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாது.