மார்கழிக் குளிரில் தூண்டிலா? தக்கையைச் சின்னதாக்குங்க

மார்கழி, தையில் பவானியிலும் காவிரியிலும் மீன் கடிக்காமல் இல்லை. கடிப்பது தக்கையில் (நூலில் கட்டி மிதக்கவிடும் துண்டு) தெரிவதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகிவிடும். ஜிலேபி மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடாது, உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும்.

கடையில் வாங்கிய குண்டுத் தக்கையைக் கழற்றுங்க. காய்ந்த சோளத்தட்டில் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைப் பென்சில் பருமனில் இரண்டு அங்குலம் நறுக்கி, உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்குங்க. மெழுகு இல்லாவிட்டால் தண்ணீர் குடித்து அமிழ்ந்துவிடும். நுனி அரை அங்குலம் மட்டும் வெளியே தெரியும் வரை ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்க. அதற்குமேல் நின்றால் இழுக்கும் மீனுக்குப் பாரம் தட்டும், விட்டுவிடும். ஈயம் தூண்டில் முள்ளுக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும்.

10-ஆம் நம்பர் முள், பாதி மண்புழு போதும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்துப்போகும். தக்கை முங்கும் வரை காத்திருக்காதீங்க. பக்கவாட்டில் நகர்ந்தாலோ, லேசாக எழும்பினாலோ மணிக்கட்டைச் சுண்டுங்க.

விடியற்காலைக் குளிரில் போய் நடுங்க வேண்டியதில்லை. பத்து மணிக்குமேல் வெயில் விழும் மடுவில் தரையை ஒட்டிப் போடுங்க. மாசி பிறந்து தண்ணீர் சூடேறினால் கோரை ஓரத்து ஆழமில்லாத இடத்துக்கு மாறலாம்.

மேட்டுப்பாளையம் பக்கம் பாறைமேல் நின்று போடுகிறவர்கள் கவனம்: பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் ஆறு ஏறும்.