கேமைப் பூட்டி வைக்காதீர்கள்

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்தார். பத்தொன்பது வயது. "அண்ணா, என் கேமைக் காட்டணும். முதல்ல இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற ரகசிய ஒப்பந்தம், இணையத்தில் எடுத்து அச்சடித்தது. எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன் இதே மாதிரித் தாளை நானும் நாலு பேரிடம் நீட்டியிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில், வீடியோ கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் சொல்லித் தருகிறேன். பேக்கப் எடுக்காமல் இருப்பது, கரண்ட் போகும் நேரம் தெரிந்தும் சேமிக்காமல் வேலை செய்வது, முதல் கேமிலேயே ஆயிரம் பேர் ஆன்லைனில் ஆட வேண்டும் என்று கிளம்புவது, இதெல்லாம் ஒரு முறை அடிபட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிட்டு, தானாகத் திருந்தாத நாலு தவறுகளைச் சொல்கிறேன்.

## திருடிவிடுவார்கள் என்று மறைத்து வைப்பது

என் முதல் கேம் ட்ரூரோ கப்பலைப் பற்றியது. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்த முதல் கப்பல் அது. மூன்று வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன். இந்தக் கரு வெளியே தெரிந்தால் பெரிய ஸ்டுடியோ ஒன்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். ஒரு படம்கூட வெளியே போடவில்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அதற்கான பக்கத்தைத் திறந்தது வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்புதான். அதுவும் 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும் என்று ஸ்டீம் விதி வைத்திருப்பதால்.

இதில் என்ன நஷ்டம்? ஒருவர் உங்கள் கேமை விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில் போட்டால், அது வெளிவரும் நாளில் ஸ்டீமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். விளம்பரத்துக்கு ஒரு ராண்டுகூட ஒதுக்க முடியாத நமக்கு அதுதான் தண்டோரா. 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேல் கேம்கள் வந்தன. மாதக்கணக்கில் பக்கத்தைத் திறந்து வைத்து ஆள் சேர்த்தவரின் கேமும், இரண்டு வாரம் மட்டும் கண்ணில் பட்ட என் கேமும் ஒரே நாளில் வந்தால் எதை எடுப்பார்கள்? முதல் வாரத்தில் 61 பிரதி போனது. அதிலும் சில திரும்பி வந்தன. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அங்கே வழக்கம்.

ஏன் திருப்பினார்கள் என்பது நாலு நாள் கழித்து அக்கா வீட்டில்தான் புரிந்தது. அக்கா மகனுக்கு அப்போது பதினொரு வயது. கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கப்பலின் மேல்தளத்தில் நடந்தான், பீப்பாய்களை இடித்தான், பாய்மரத்தைச் சுற்றி வந்தான். ஆறு நிமிடம் இப்படியே போனது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் ஏணியின் வாயை இரண்டு முறை ஒட்டியே கடந்து போனான். தரைப் பலகையும் பழுப்பு, அந்த வாயும் அதே பழுப்பு. "மாமா, கதை எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டுவிட்டு, கன்ட்ரோலரை சோபாவில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டான்.

கதை முழுக்கக் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வரைந்தவன் நான் என்பதால் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அந்த ஏணி என் கண்ணுக்குத் தப்பியதில்லை. அதன் பக்கத்தில் ஒரு விளக்கை மாட்டியிருந்தால் போதும். அரை மணி நேர வேலை. முதல் வருடமே யாராவது ஒரு பையன் கையில் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

"திருட்டு நடக்கத்தானே செய்யுது அண்ணா" என்பார்கள். நடக்கும். நம் நாட்டுக்காரர்களுக்கே நடந்திருக்கிறது. கேப் டவுனில் உள்ள கியூசிஎஃப் டிசைன் ஸ்டுடியோ, 'டெஸ்க்டாப் டன்ஜன்ஸ்' கேமின் ஆரம்ப வடிவத்தை 2010-இல் இலவசமாக வெளியே விட்டது. அதைப் பார்த்து வேறொருவர் ஐபோனுக்கு ஒரு நகல் செய்து வெளியிட்டார். முறையிட்ட பிறகு அந்த நகல் நீக்கப்பட்டது. வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய நிரலுக்கும் வரைந்த படத்துக்கும் உண்டு. அப்புறம் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். கேம் இன்னும் முடியாத நிலையிலேயே 2011-இல் சிறு ஸ்டுடியோக்களின் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான விருது அவர்களுக்குக் கிடைத்தது. முழு கேம் வந்தது 2013-இல். மறைத்து வைத்திருந்தால் நகலும் வந்திருக்காது, விருதும் வந்திருக்காது.

அதே ஊர் ஃப்ரீ லைவ்ஸ் ஸ்டுடியோவின் 'ப்ரோஃபோர்ஸ்' 2012-இல் லூடம் டேர் கேம் ஜாமில், அதாவது இரண்டு மூன்று நாளில் ஒரு கேம் செய்து காட்டும் போட்டியில், அவசர அவசரமாகச் செய்தது. 2014-இல் அரைகுறையாகவே ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்து 2015-இல் முழுமையானது. அவர்களுடைய 'டெர்ரா நில்' 2019 ஜாமில் பிறந்து 2023-இல் வெளிவந்தது.

ஆகவே ஆறு மாதம் முன்னதாகவாவது பக்கத்தைத் திறங்கள். அதற்கும் முன்பே, முகம் தெரியாத ஒருவர் கையில் கேமைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அங்கே போ" என்று நீங்கள் சொன்ன அந்த நொடியில் சோதனை முடிந்துபோகும். 2018-இல் தொடங்கிய ப்ளேடோபியா கேம் விழாவுக்குக் கேப் டவுன்வரை போக முடியாவிட்டால் பரவாயில்லை. கோயில் அன்னதானம் முடிந்ததும் ஓரமாக ஒரு மேசை போட்டு லேப்டாப்பை வையுங்கள், பிள்ளைகள் தானாக வருவார்கள்.

## பாதியில் என்ஜின் தாவுவது

என்ஜின் என்பது கேமைக் கட்ட உதவும் மென்பொருள். அதில் ஒன்றான யூனிட்டியின் நிறுவனம் 2023 செப்டம்பரில், கேமை இன்ஸ்டால் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. எல்லோருக்கும் கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் என் வகுப்பில் மூன்று பேர் பாதி முடிந்த கேமை அப்படியே போட்டுவிட்டு கோடோ என்ற வேறொரு என்ஜினுக்குப் போனார்கள். வருடத்துக்கு 2 லட்சம் டாலர் சம்பாதிக்காத கேமை அந்தக் கட்டணம் தொட்டே இருக்காது. 2024 செப்டம்பரில் யூனிட்டி அதை ரத்தும் செய்துவிட்டது. மூவரில் ஒருவரும் இன்னும் கேமை முடிக்கவில்லை. கோடோ நல்ல என்ஜின், இலவசம். அடுத்த கேமை அதில் தொடங்குங்கள்.

## 'லாபத்தில் பங்கு தரேன்' என்பதை நம்புவது

எழுதி வாங்குங்கள்.

## சொந்தக் கேம் மட்டும்தான் வேலை என்று இருப்பது

2023-லும் 2024-லும் உலகம் முழுக்கப் பெரிய ஸ்டுடியோக்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியே அனுப்பின. இந்த நேரத்தில் போர்ட்டிங் வேலையைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஓடும் ஒருவரின் கேமை நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் ஓட வைப்பதுதான் போர்ட்டிங். அதைச் செய்யும்போது, நினைவகம் எங்கே தீர்கிறது, எந்தப் படம் தேவையில்லாமல் பெரிதாக இருக்கிறது என்று சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த முதல் வேலையும் அதுதான். நேர்காணலுக்கு ட்ரூரோ கேமைத்தான் கொண்டுபோனேன். விற்பனையைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. ஆடிப் பார்த்தவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டார்கள். ஏணிக்குப் பக்கத்தில் விளக்கு மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைக் காட்டினேன். நாற்பது நிமிடம் அதைப் பற்றித்தான் பேசினோம்.