புல்லட் பிரைமரியில் கடகட சத்தமா? செயினில் கை வைக்கும் முன்

பழைய நாலு கியர் காஸ்ட் அயர்ன் புல்லட்டில் இடது பக்கக் கவருக்குள், அதாவது இன்ஜின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயின் இருக்கிற இடத்தில், கடகடவென்று கேட்டதும் நிறையப் பேர் முதலில் செய்வது அந்தச் செயினை இறுக்குவதுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்க. முதலில் நட்டுகளைப் பார்க்கணும். கிராங்க் முனையில் ரோட்டர் (கரண்ட் உண்டாக்கச் சுற்றும் காந்தம்) நட்டு லூஸாகியிருந்தால் செயினை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. ரோட்டர் ஆடி ஆடி, அதைக் கிராங்கோடு பூட்டும் சின்னக் கீயை அறுத்து, சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டரில் உரசி, சார்ஜிங்கும் போய்விடும்.

சத்தத்திலேயே பாதி தெரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடும்போது டொக் டொக்கென்று இடித்தால் ரோட்டரைச் சந்தேகப்படுங்க. இது கனெக்டிங் ராடு பேரிங் போன சத்தம் மாதிரியே இருக்கும். இதைத் தெரியாமல் நல்ல இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. சார்ஜிங்கைக் காட்டும் ஆம்மீட்டர் முள் காரணமில்லாமல் துள்ளினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்சின் நடுப்பாகத்தை ஷாஃப்டில் பிடித்திருக்கும் கிளட்ச் சென்டர் நட்டைப் பாருங்க.

கீழே தட்டு வைத்துவிட்டு இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், வெளிக் கவரின் நடு நட்டு என்று வரிசையாகக் கழட்டுங்க. கவரை இழுத்ததும் ஆயில் கொட்டும். விரலில் தொட்டுப் பாருங்க: துருப்பொடி மாதிரி செம்பழுப்பாக இருந்தால், உள்ளே ஏதோ ஒன்று ஷாஃப்டோடு உரசுகிறது என்று அர்த்தம்.

ஸ்டேட்டரின் மூன்று நட்டுகளைக் கழட்டி, ஒயர் இழுபடாமல் ஓரமாகச் சாய்த்து வையுங்க. ரோட்டரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்க. கிராங்க் அசையாமல் ரோட்டர் மட்டும் மயிரிழை அசைந்தாலும் விடாதீங்க; கழட்டிக் கீயையும் அது உட்காரும் பள்ளத்தையும் பார்க்கணும். பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் புதுக் கீ மட்டும் போட்டுப் பலனில்லை, மறுபடி அறுந்துபோகும். கிளட்ச் சென்டரையும் இப்படியே பாருங்க. அதைக் கழட்ட, நேராக இழுத்து எடுக்கும் புல்லர் என்ற கருவி வேணும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டிரம் கோணிவிடும். புல்லர் கடையில் கிடைக்காவிட்டால் கோவை கணபதிப் பக்கம் லேத்தில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம்.

நட்டு இறுக்கும்போது இன்ஜின் சுற்றாமல் இருக்க டாப் கியர் போட்டு, இன்னொருத்தரைப் பின்சக்கர பிரேக் லீவரைக் கையால் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. செயினுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவர் செருகுவது பல்லை உடைக்கும் வேலை. மரையை பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டு, புது லாக் வாஷர் போட்டு இறுக்குங்க. ஸ்டேட்டரை மாட்டியதும் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் பாருங்க. எந்த இடத்திலும் 0.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இப்போது செயின். புல்லட்டில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்த்தே போல்ட் போட்டிருப்பதால் அதை நகர்த்த முடியாது. கீழ்ச் செயினுக்கு அடியில் இருக்கிற டென்ஷனர் பேட்தான் (செயினைத் தாங்கி இறுக்கும் கட்டை) வழி. இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, மேல் செயின் எங்கே அதிகம் டைட் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்து லாக் நட்டை இறுக்குங்க. சூடானதும் செயின் டைட்டாகும். இதைவிடக் குறைத்தால் கிராங்க் பேரிங்கும் கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட் பேரிங்கும் அடி வாங்கும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, திம்பம் 27 வளைவு என்று அடிக்கடி இறங்குகிற வண்டியானால் பேட்டைக் கட்டாயம் பாருங்க. இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது இழுவை கீழ்ச் செயினுக்கு மாறி, பேட்டின் மேல்தான் அழுத்தம் விழும். செயின் பதிந்து ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்க.

கவர் ரப்பர் விறைத்திருந்தால் புதுசு போடுங்க. ஒழுகுதே என்று நடு நட்டை மேலும் இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் அளவைக் காட்டும் லெவல் ஸ்க்ரூவைக் கழட்டி, அந்த ஓட்டையில் சொட்டும் வரை ஆயில் ஊற்றுங்க. சுமார் 420 மில்லி பிடிக்கும். புதுச் செயின் மாட்டியிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், அப்போது இன்ஸ்பெக்‌ஷன் மூடியைத் திறந்து ஆட்டத்தை மறுபடி பாருங்க.