கடைசி மாதத்தில் கோடு இறங்கினால் உடனே நம்பாதீர்கள்

வாரண்டி கூட்டங்களில் தவறாமல் தலைகாட்டும் கிராஃப் ஒன்று உண்டு. கீழே விற்பனை மாதம், பக்கத்தில் புகார் சதவீதம். ஜனவரியில் உச்சியில் இருக்கும் கோடு டிசம்பருக்கு வரும்போது தரை தட்டிவிடும். "தரம் கூடிடுச்சு சார்" என்பார் ஒருவர். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

ஒரு கணக்குக்கு, ஜனவரியில் விற்ற 1,000 ஃபிரிட்ஜில் 36 புகார், அக்டோபரில் விற்ற 1,000 ஃபிரிட்ஜில் 9 புகார் என்று வைத்துக்கொள்வோம். வருடக் கடைசியில் பார்த்தால் முதலாவது 12 மாதம் ஓடியது, இரண்டாவது 3 மாதம்தான் ஓடியிருக்கிறது. ஜனவரி சரக்கின் முதல் 3 மாதப் புகார்களை மட்டும் எண்ணினால் 5. ஆக, கெட்டுப்போனது அக்டோபர் சரக்கு. கீழே விற்பனை மாதத்துக்குப் பதில் 'வாங்கி எத்தனையாவது மாதம்' என்று போட்டு, ஒவ்வொரு மாதச் சரக்குக்கும் தனித்தனிக் கோடு வரையுங்கள். அக்டோபர் கோடு மூன்றாம் மாதத்திலேயே மற்றவற்றுக்கு மேலே ஏறி நிற்கும்.

இதிலும் தேதி முக்கியம். சிஸ்டத்தில் சுலபமாகக் கிடைப்பது டீலருக்கு அனுப்பிய தேதி. வாரண்டி தொடங்குவதோ பெரும்பாலும் வாடிக்கையாளரின் பில் தேதியிலிருந்து. ஜனவரியில் டீலர் குடோனுக்குப் போன ஏசி ஏப்ரலில்தான் சுவரில் ஏறும்.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். வாகன விபத்தில் மூன்றாம் நபர் வழக்குகள் தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் இழுக்கும். கொடுத்து முடித்த பணத்தை மட்டும் வரைந்தால், கடைசி ஆண்டு எப்போதும் லாபமாகத்தான் தெரியும். ஆக்சுவரிகள், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கு நிபுணர்கள், விபத்து நடந்த ஆண்டை ஒரு பக்கமும் அதன் பிறகு கழிந்த ஆண்டுகளை மறுபக்கமும் வைத்து முக்கோண அட்டவணை போடுவது இதற்காகத்தான்.

கிளைம் செட்டில்மென்ட் விகிதத்தை ஒற்றைப் பட்டையாகப் போடுவதும் ஏமாற்றும். 100 கிளைமில் தலா 5 லட்சத்துக்கான 98-ஐக் கொடுத்துவிட்டு, தலா 1 கோடிக்கான 2-ஐ மறுத்தால் எண்ணிக்கையில் 98%, தொகையில் 71% மட்டுமே. இரண்டையும் அருகருகே காட்டுங்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற மாதம் வந்தால் ஒரு பட்டை வானத்துக்குப் போய், மீதி எல்லாம் எறும்பாகிவிடும். அதைத் தூக்கி எறியாமல், வேறு நிறத்தில் தனியாகப் பிரித்து வையுங்கள். அந்தப் பணமும் பிரீமியத்திலிருந்து போனதுதானே.

பை சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு பழுதுக் காரணங்களை அதில் அடைக்காதீர்கள், பட்டையே போதும். ஆனால் பட்டையாக்கினாலும் பல இடங்களில் முதலிடம் பிடிப்பது 'இதர காரணங்கள்'. சர்வீஸ் சென்டர் அவசரத்தில், பட்டியலை முழுக்கத் தேடாமல் கையில் அகப்பட்டதை அழுத்தியதன் விளைவு அது. அந்தப் பட்டையை எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. ஐம்பது ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, மெக்கானிக் கையால் கிறுக்கியதை உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.