தரையில் கொட்டிய பூச்சிமருந்தை அள்ளி முடித்த கதை

ஒரு கிடங்கில் கரப்பானுக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் சைபர்மெத்ரின் கேன் அடியில் விரிசல் விட்டு, தண்ணீர் கலக்காத மருந்து தரையில் ஓடத் தொடங்கியது. முதலில் ஆட்களை வெளியே அனுப்பி, கதவு ஜன்னல்களைத் திறந்தேன். மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், ஆவி வடிகட்டும் முகமூடி எல்லாம் போட்டபிறகே கிட்டே போனேன். துணிக் கையுறை ஆகவே ஆகாது, மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும்.

கேனை, விரிசல் மேலே இருக்கும்படி பக்கெட்டில் சாய்த்து வைத்தேன். அப்புறம் சாக்கடைப் பக்கம் முதலில் உலர்மணலால் வரப்பு கட்டினேன். குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்றார் கிடங்குக்காரர், விடவில்லை. இந்த மருந்து மீன்களுக்குக் கடும் விஷம். சாக்கடை வழியே குளத்தில் சேர்ந்தால் மீட்கவே முடியாது.

ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மணலைக் கொட்டினேன். மணல் கருத்து, ஈரம் மேலேறி வந்தது. அள்ளிக் கெட்டியான பையில் கட்டி, மருந்தின் பெயரை எழுதி ஒட்டினேன். மிச்சக் கறையைக் கொஞ்சமாகச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதையும் மணலாலேயே ஒற்றி எடுத்தேன். கையுறையைக் கழற்றுமுன் அதன் வெளிப்புறத்தைச் சோப்பால் கழுவினேன். அந்தக் கழுநீரும் பக்கெட்டுக்குத்தான் போனது.